நெடுவரிசை அகலம், வரிசை உயரம்: இணைய விரிதாளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பலர் சேர்ந்து நிரப்பும் ஒரு விரிதாளைச் சில ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறேன். கடினமான சூத்திரங்களைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை. வருவதெல்லாம் “எழுத்து பாதிதான் தெரிகிறது”, “வரிசை ஒட்டகம் மாதிரி உயர்ந்து நிற்கிறது” என்ற வகைப் புகார்கள்தான். ஒரே பதிலை எத்தனை முறை தட்டுவது என்று அலுத்துப்போய், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் திரட்டி வைத்திருக்கிறேன்.

விளக்கங்கள் கூகுள் ஷீட்ஸை வைத்து எழுதியவை. எக்செல்லின் இணையப் பதிப்பு மாறுபடும் இடங்களில் அதைத் தனியாகச் சொல்கிறேன். மேலிருந்து கீழாக ஓடுவது நெடுவரிசை, இடமிருந்து வலமாக ஓடுவது வரிசை, இரண்டும் சந்திக்கும் இடம் கட்டம். கட்டத்தைச் செல் என்பவர்களும் உண்டு. ஆங்கிலத் திரையில் உள்ள பட்டியல் பெயர்களை அப்படியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன்.

முழுப் பெயரையும் தட்டினேன், நான்கு எழுத்துதான் தெரிகிறது. மீதி அழிந்துவிட்டதா?

அழியவில்லை. அகலம் என்பது கண்ணுக்கான ஏற்பாடு மட்டுமே. அந்தக் கட்டத்தைக் கிளிக் செய்துவிட்டு மேலே உள்ள சூத்திரப் பட்டையைப் பாருங்கள், முழுப் பெயரும் இருக்கும். தேடுவதும் கூட்டுவதும் அகர வரிசையில் அடுக்குவதும் முழு உள்ளடக்கத்தை வைத்தே நடக்கின்றன. நெடுவரிசையை எவ்வளவு குறுக்கினாலும் ஓர் எழுத்துகூடக் குறையாது.

“நேற்று வரை முழுதாகத் தெரிந்ததே” என்பார்கள். நேற்று அதன் வலப்பக்கக் கட்டம் காலியாக இருந்திருக்கும். நீளமான எழுத்து, பக்கத்தில் இடம் இருக்கும் வரை அதன்மேல் வழிந்து ஓடும். இன்று அங்கே யாரோ ஏதோ நிரப்பியதும், வழிந்த பகுதி மறைந்துவிட்டது.

எங்கே பிடித்து இழுப்பது? நான் இழுத்தால் கட்டங்கள் நீலமாகின்றனவே தவிர, பெரிதாவதில்லை.

நீங்கள் இழுப்பது கட்டத்தின் கோட்டை. அங்கே இழுத்தால் கட்டங்கள் தேர்வாகும், அவ்வளவுதான். அகலத்தை மாற்ற, தாளின் உச்சியில் ஏ, பி, சி என்று எழுத்துகள் உள்ள பட்டைக்குப் போக வேண்டும். இரண்டு எழுத்துகளுக்கு நடுவில் உள்ள கோட்டின்மேல் மவுஸை வைத்தால் சுட்டி இருபக்க அம்பாக மாறும். அது மாறிய பிறகு அழுத்தி இழுங்கள்.

ஏ, பி இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடு ஏ-க்குச் சொந்தமானது. பி அகலமாக வேண்டும் என்றால் அதன் வலப்பக்கக் கோட்டைப் பிடிக்க வேண்டும். வரிசைக்கும் இதே கணக்கு: இடது ஓரத்து எண்களின் கீழே உள்ள கோடுதான் அந்த வரிசையின் உயரத்தைத் தீர்மானிக்கும்.

கண் அளவில் இழுத்தால் ஒவ்வொரு முறையும் ஒரு அளவு வருகிறது. எண்ணாகக் கொடுக்க முடியாதா?

முடியும், அதுவே நல்ல பழக்கமும்கூட. நெடுவரிசையின் எழுத்தின்மேல் வலது கிளிக் செய்து “ரீசைஸ் காலம்” என்பதைத் தேர்ந்தெடுங்கள். சிறு பெட்டி திறந்து, பிக்சல் கணக்கில் ஓர் எண் கேட்கும். புதிய தாளில் எல்லா நெடுவரிசைகளும் 100 பிக்சல் அகலத்தில் பிறக்கின்றன, வரிசைகள் 21 பிக்சல் உயரத்தில். எதையாவது கலைத்துவிட்டு, “பழையபடி ஆக்கு” என்று ஒரு பொத்தானைத் தேடுகிறவர்கள் இந்த இரண்டு எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இரட்டைக் கிளிக் செய்தால் தானாகப் பொருந்தும் என்கிறார்களே, அது இதுதானா?

அதன் உடன்பிறப்பு. அதே பெட்டியில் “ஃபிட் டு டேட்டா” என்று இன்னொரு வாய்ப்பும் இருக்கும். நெடுவரிசையில் உள்ளவற்றில் மிக நீளமானது எதுவோ, அது அடங்கும் அளவுக்கு அகலத்தை வைக்கும். எல்லைக் கோட்டில் இருமுறை கிளிக் செய்வதும் இதே வேலையைத்தான் செய்கிறது.

இது ஒரு முறை அளந்து வைக்கும் ஏற்பாடு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பொருத்திய பிறகு இன்னும் நீளமான பெயர் ஒன்றைச் சேர்த்தால் நெடுவரிசை தானாக விரியாது, மறுபடியும் கிளிக் செய்ய வேண்டும். தலைப்புகளில் வடிகட்டிக் குறி (வேண்டிய வரிசைகளை மட்டும் காட்டச் சொல்லும் பொத்தான்) போட்டிருந்தால், அது தலைப்பு எழுத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வதும் உண்டு. அத்தகைய இடங்களில் பொருத்திய அளவுக்கு மேல் 20 அல்லது 30 பிக்சல் கூட்டிவிடுவேன்.

இருமுறை கிளிக் செய்தேன், நெடுவரிசை திரைக்கு வெளியே போய்விட்டது!

யாரோ ஒருவர் அந்த நெடுவரிசையில் ஒரே கட்டத்துக்குள் கடிதம் எழுதியிருக்கிறார். மிக நீளமானதற்கு ஏற்ப விரிவதுதான் அதன் வேலை, அதைச் சரியாகவே செய்திருக்கிறது. கண்ட்ரோல், இசட் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பழைய அகலம் திரும்பும். குறிப்புகள், முகவரி, விளக்கம் போன்ற நெடுவரிசைகளுக்குத் தானியங்கிப் பொருத்தமே வேண்டாம். 250 அல்லது 300 பிக்சல் என்று எண்ணாகக் கொடுத்துவிட்டு, எழுத்தை மடிக்கச் சொல்லிவிடுங்கள். மடிப்பது எப்படி என்பது அடுத்த பதிலில்.

ஓவர்ஃப்ளோ, ராப், கிளிப். மூன்றில் எதைத் தொடுவது?

“ஃபார்மேட்” பட்டியலில் “ராப்பிங்” என்பதன் கீழ் இந்த மூன்றும் இருக்கின்றன. என்னிடம் வரும் அகலப் புகார்களில் பாதி உண்மையில் அகலத்தைப் பற்றியவையே அல்ல, இந்தத் தேர்வைப் பற்றியவை.

முதலாவது வழியவிடுவது. இதுதான் இயல்புநிலை. வலப்பக்கம் காலியாக இருந்தால் எழுத்து அங்கே ஓடும், இல்லையென்றால் மறையும். இரண்டாவது மடிப்பது. நெடுவரிசையின் அகலத்துக்குள் எழுத்தை அடுத்தடுத்த வரிகளாக இறக்கும், அதற்கேற்ப வரிசை உயரும். மூன்றாவது வெட்டுவது. பக்கத்துக் கட்டம் காலியாக இருந்தாலும் எழுத்து தன் எல்லையைத் தாண்டாது. நீளமான இணைய முகவரிகள் உள்ள நெடுவரிசைக்கு இதைவிட நல்லது இல்லை. அவற்றை யாரும் படிப்பதில்லை, கிளிக்தான் செய்கிறார்கள்.

மடிக்கத் தொடங்கியதும் இன்னொரு சிக்கல் தலைகாட்டும். ஒரு கட்டத்தில் ஐந்து வரிகள், பக்கத்தில் ஒற்றை எண். அந்த எண் வரிசையின் அடியில் போய் ஒட்டிக்கொண்டிருக்கும், ஏனென்றால் செங்குத்து இயல்புநிலை அடிப்பக்கம். வரிசைகளைத் தேர்ந்தெடுத்து மேல்பக்கமாகச் சீரமைத்துவிட்டால், படிப்பவரின் கண் ஒரே கோட்டில் நகரும்.

எனக்கு ஒரே ஒரு கட்டம் மட்டும் பெரிதாக வேண்டும். மொத்த நெடுவரிசையும் வேண்டாம்.

நடக்காது. ஒரு நெடுவரிசைக்கு ஓர் அகலம், ஒரு வரிசைக்கு ஓர் உயரம். இது எந்த விரிதாளிலும் மாறாத விதி.

பக்கத்துக் கட்டங்களை இணைத்து ஒன்றாக்கலாம். தாளின் உச்சியில் ஒரு பெரிய தலைப்புக்கு அது சரி. ஆனால் தரவு நிறைந்த பகுதிக்குள் இணைப்பைக் கொண்டுவராதீர்கள். மேல்கீழாக இணைத்த கட்டங்கள் உள்ள பகுதியை அகர வரிசையில் அடுக்கச் சொன்னால் ஷீட்ஸ் மறுக்கும். எக்செல்லில் இணைத்த கட்டத்துக்குள் எழுத்தை மடித்தால், வரிசை தானாக உயராது. அழகுக்காக இணைத்துவிட்டு, மாதக் கடைசியில் தரவை அடுக்க முடியாமல் என்னைத் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். நான் முதலில் செய்வது இணைப்பைப் பிரிப்பதுதான்.

எல்லா நெடுவரிசைகளும் ஒரே அகலத்தில் வர வேண்டும். ஒவ்வொன்றாக இழுத்துக் கை வலிக்கிறது.

முதல் எழுத்தைக் கிளிக் செய்து, ஷிஃப்டை அழுத்தியபடி கடைசி எழுத்தைக் கிளிக் செய்யுங்கள். நடுவில் உள்ளவை அனைத்தும் தேர்வாகும். இப்போது ஏதாவது ஒன்றை இழுத்தாலும், வலது கிளிக் செய்து எண் கொடுத்தாலும், எல்லாம் அந்த அளவுக்கு வரும். தள்ளித்தள்ளி இருப்பவை மட்டும் வேண்டுமென்றால் ஷிஃப்டுக்குப் பதில் கண்ட்ரோல். முழுத் தாளும் வேண்டுமென்றால், எழுத்துப் பட்டையும் எண் பட்டையும் சந்திக்கும் இடது மூலையில் உள்ள வெற்றுச் சதுரத்தைக் கிளிக் செய்யலாம். புதிய தாளில் 26 நெடுவரிசைகளும் 1,000 வரிசைகளும் இருக்கும், அத்தனையும் ஒரே நொடியில் மாறிவிடும்.

பலவற்றைத் தேர்ந்தெடுத்து எல்லைக் கோட்டில் இருமுறை கிளிக் செய்தால், ஒவ்வொன்றும் தன் தன் உள்ளடக்கத்துக்கு ஏற்ப அமையும். சம அகலத்தைவிட இதுதான் பெரும்பாலும் படிக்க வசதி. வரிசை எண்ணுக்கும் முகவரிக்கும் ஒரே அகலம் கொடுப்பது சமத்துவம் இல்லை, இட விரயம்.

சரி, எதற்கு எவ்வளவு வைக்கிறீர்கள்?

விதி எதுவும் இல்லை, என் பழக்கத்தைச் சொல்கிறேன். வரிசை எண்ணுக்கு 45, தேதிக்கு 90, பெயருக்கு 180, ஆம் இல்லை என்று மட்டும் வரும் இடத்துக்கு 60, குறிப்புக்கு 300. தலைப்பு நீளமாகவும் உள்ளே இருப்பது ஒற்றை எழுத்தாகவும் இருந்தால், தலைப்பை மட்டும் மடித்துவிடுவேன். அதுவும் போதாவிட்டால் “ஃபார்மேட்” பட்டியலில் “ரொட்டேஷன்” மூலம் தலைப்பைச் சாய்க்கலாம், நிமிர்த்தியும் வைக்கலாம். படிக்கக் கழுத்தைச் சாய்க்க வேண்டியிருக்கும் என்பதால் அதைக் கடைசி வழியாகவே வைத்திருக்கிறேன்.

ராப் போட்டுவிட்டேன். ஆனாலும் வரிசை உயரவே மாட்டேன் என்கிறது.

அந்த வரிசைக்கு முன்பே யாரோ உயரத்தை எண்ணாகக் கொடுத்திருக்கிறார்கள், அல்லது கையால் இழுத்திருக்கிறார்கள். கை வைக்காத வரிசை உள்ளடக்கத்துக்கு ஏற்ப வளரும். நீங்கள் ஓர் உயரத்தைச் சொல்லிவிட்டால், அதை உங்கள் கட்டளையாக எடுத்துக்கொண்டு அப்படியே நிற்கும். வரிசைகளைத் தேர்ந்தெடுத்து, எண்ணின்மேல் வலது கிளிக் செய்து, “ரீசைஸ் ரோ” பெட்டியில் “ஃபிட் டு டேட்டா” கொடுத்தால் பிடிவாதம் தளரும். எக்செல்லிலும் கதை இதேதான்.

தலைகீழான பிரச்சினை எனக்கு. ஒரே வரிதான் எழுதியிருக்கிறேன், வரிசை மட்டும் உயரமாக நிற்கிறது.

மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, அதே வரிசையில் வலப்பக்கம் திரைக்கு வெளியே உள்ள ஏதோ ஒரு கட்டத்தில் நீண்ட எழுத்து மடிந்து கிடக்கலாம். வரிசையின் உயரம் மிக உயரமான கட்டத்தைப் பொறுத்தது. இரண்டு, காலியாகத் தெரியும் ஒரு கட்டத்தில் எழுத்தளவு பெரிதாக வைக்கப்பட்டிருக்கலாம்.

மூன்றாவதுதான் கண்ணில் படாதது. வேறெங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டிய எழுத்தின் முடிவில் வரி முறிவுகள் ஒளிந்திருக்கும். ஆல்ட், என்டர் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கட்டத்துக்குள்ளேயே அடுத்த வரிக்குப் போகலாம் அல்லவா, அதே முறிவு. கட்டத்துக்குள் நுழைந்து எழுத்தின் கடைசிக்குப் போங்கள். கடைசிச் சொல்லுக்குக் கீழே வெற்று வரியில் சுட்டி மின்னினால் அதுதான் குற்றவாளி. ஒன்றிரண்டு என்றால் அழித்துவிடலாம். நூற்றுக்கணக்கில் என்றால் பக்கத்து நெடுவரிசையில் “கிளீன்” என்ற சார்பை, அதாவது விரிதாளில் தயாராக உள்ள சூத்திரத்தை, பயன்படுத்துங்கள், அது இத்தகைய கண்ணுக்குத் தெரியாத குறிகளை நீக்கிய படியைத் தரும். நடுவில் இருந்த முறிவுகளையும் அது விழுங்கிவிடும் என்பதால், இரண்டு சொற்கள் இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழில் தட்டினால் மட்டும் அகலம் போதவில்லை. என் கணினியில் சரியாகத் தெரிவது நண்பரின் கணினியில் வெட்டுப்படுகிறது. இது எப்படி?

இந்தக் கேள்விக்கு எனக்கே பல நாள் விடை தெரியாமல் இருந்தது. ஷீட்ஸின் இயல்பு எழுத்துரு ஏரியல், அளவு 10. ஏரியலில் தமிழ் எழுத்துகள் கிடையாது. அப்படியானால் திரையில் தெரிவது என்ன? அந்தக் கணினியிலோ கைபேசியிலோ இருக்கும் வேறொரு தமிழ் எழுத்துருவை உலாவி இரவல் வாங்கிக் காட்டுகிறது. விண்டோஸில் ஒன்று, மேக்கில் ஒன்று, ஆண்ட்ராய்டில் இன்னொன்று. ஒவ்வொன்றின் அகலமும் வேறு. நீங்கள் உங்கள் திரையில் மிகச் சரியாகப் பொருத்திய 140 பிக்சல், அடுத்தவர் திரையில் கடைசி எழுத்தை விழுங்கிவிடுகிறது.

தீர்வு, எல்லோருக்கும் ஒரே எழுத்துருவைக் கொடுப்பது. எழுத்துருப் பட்டியலில் “மோர் ஃபான்ட்ஸ்” என்பதைத் திறந்து, எழுத்து வகையில் தமிழைத் தேர்ந்தெடுத்தால், இணையத்திலிருந்து இறங்கும் தமிழ் எழுத்துருக்கள் வரும். அவற்றில் ஒன்றை முழுத் தாளுக்கும் வைத்த பிறகு அகலத்தைப் பொருத்துங்கள். எழுத்துருவை மாற்றுவதற்கு முன் பொருத்தினால் வேலை இரண்டாகும்.

உயரத்தையும் மறக்க வேண்டாம். மேல்விலங்கும் கீழே இறங்கும் உகரக் குறியும் இடம் கேட்பவை. கையால் 21 பிக்சலுக்குப் பூட்டிய வரிசையில் எழுத்தளவைக் கூட்டினால் தலையோ காலோ போகும். நான் தமிழ்த் தாள்களில் 26 அல்லது 28 வைக்கிறேன். தமிழில் சொற்கள் நீளம் என்பதால், குறுகிய நெடுவரிசையில் மடிக்கும்போது ஒரு சொல் நடுவில் உடைவதும் உண்டு. மிக நீளமான ஒற்றைச் சொல் அடங்கும் அகலத்தை வைத்தால் அது நிற்கும்.

வலப்பக்கக் கட்டம் காலிதான். ஆனாலும் எழுத்து வழியாமல் வெட்டுப்படுகிறதே?

காலி போலத் தெரிவது வேறு, காலியாக இருப்பது வேறு. அந்தக் கட்டத்தில் ஒற்றை இடைவெளி இருக்கலாம். அல்லது ஒரு சூத்திரம் இருந்து, அது வெற்று விடையைக் காட்டிக்கொண்டிருக்கலாம். இரண்டுமே விரிதாளின் கணக்கில் உள்ளடக்கம்தான். கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அழிப்பு விசையை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். சூத்திரம் என்றால் அழிப்பதற்கு முன் அது யாருடையது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியும் வழியவில்லை என்றால், இடப்பக்கக் கட்டத்தில் “கிளிப்” தேர்வாகியிருக்கும்.

எண்களுக்குப் பதில் #### என்று வருகிறது. சூத்திரம் தவறா?

எக்செல்லில் இதைப் பார்த்தால் முதலில் நெடுவரிசையை அகலப்படுத்துங்கள். எழுத்தைப் போல எண்ணைப் பாதியில் வெட்டிக் காட்டினால் ஆயிரம் நூறாகத் தெரியும், அது ஆபத்து. அதனால்தான் இடம் போதாத எண்ணையும் தேதியையும் மறைத்து இந்த வேலியைக் காட்டுகிறது. நல்ல ஏற்பாடு என்பேன்.

எவ்வளவு அகலப்படுத்தினாலும் வேலி மட்டும் நீண்டுகொண்டே போனால், அங்கே இருப்பது எதிர்மறைத் தேதி அல்லது நேரம். பிந்தைய தேதியிலிருந்து முந்தையதைக் கழிப்பதற்குப் பதிலாகத் தலைகீழாகக் கழித்திருப்பீர்கள். அப்போது திருத்த வேண்டியது சூத்திரத்தைத்தான்.

இன்னொன்றையும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். நீண்ட அடையாள எண்ணைத் தட்டினால், புள்ளியும் ஓர் ஆங்கில எழுத்தும் கூட்டல் குறியுமாகச் சுருங்கிவிடும். எக்செல்லின் பொது வடிவம் 11 இலக்கங்கள் வரை மட்டுமே முழுதாகக் காட்டும், அதற்கு மேல் அகலம் உதவாது. எண் வடிவத்துக்கு மாற்றினால் தெரியும். ஆனால் 15 இலக்கங்களைத் தாண்டியவை பூஜ்யமாக மாறி, திரும்ப வராமல் போய்விடும். அத்தகைய நெடுவரிசையை, தட்டத் தொடங்கும் முன்பே எழுத்து வடிவத்துக்கு மாற்றி வையுங்கள். இந்தப் பக்கத்தில் தரவு உண்மையிலேயே தொலையும் இடம் இது ஒன்றுதான்.

டி நெடுவரிசையைக் காணவில்லை. சி-க்குப் பக்கத்தில் நேராக ஈ வருகிறது.

மறைக்கப்பட்டிருக்கிறது. எழுத்துப் பட்டையில் அந்த இடத்தில் சிறு அம்புக் குறிகள் இருக்கும், கிளிக் செய்தால் வெளியே வரும். எக்செல்லில் அகலத்தைப் பூஜ்யம் வரை இழுத்தாலும் மறைந்துவிடும், எனவே அங்கே தற்செயலாக மறைப்பது சுலபம். இரண்டு பக்கத்து நெடுவரிசைகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, வலது கிளிக் செய்து, மறைத்ததை வெளிக்கொண்டுவரும் “அன்ஹைட்” கட்டளையைக் கொடுக்கலாம்.

வரிசை எண்கள் 4, 9, 15 என்று தாவி, அம்புக் குறி எதுவும் இல்லையென்றால் அது வடிகட்டியின் வேலை. அங்கே உயரத்தை இழுத்துப் பயனில்லை.

நான் அகலத்தை மாற்றினால் மற்றவர்களுக்கும் மாறுமா?

மாறும், உடனே. பகிர்ந்த தாளில் அகலம் எல்லோருக்கும் பொது. உங்கள் கண்ணுக்கு மட்டும் பெரிதாக வேண்டுமென்றால் “ஸூம்” அளவைக் கூட்டுங்கள், அது உங்கள் திரையோடு நிற்கும். அல்லது தனிப் படி எடுத்துக்கொண்டு அதில் விருப்பம் போல இழுங்கள்.

யாரோ எல்லா அகலங்களையும் கலைத்துவிட்டார்கள். யார் என்று கண்டுபிடிக்க முடியுமா?

கட்டத்தின் திருத்த வரலாற்றில் தேடாதீர்கள். அங்கே மதிப்புகளின் மாற்றம் மட்டுமே வரும், வடிவ மாற்றங்கள் வராது. “ஃபைல்” பட்டியலில் பதிப்பு வரலாற்றைத் திறந்து, தாள் எப்போது கலைந்தது என்று பார்க்கலாம். பழைய பதிப்பை மீட்டால் அகலத்தோடு சேர்ந்து, அதற்குப் பிறகு எல்லோரும் தட்டிய தரவும் பின்னோக்கிப் போகும். அகலத்துக்காக அதைச் செய்யாதீர்கள். பழைய பதிப்பைத் தனிப் படியாக எடுத்து, அதிலிருந்து அகலங்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், வழி அடுத்த பதிலில் இருக்கிறது. யார் என்று தெரிந்த பிறகு சண்டை வேண்டாம். பெரும்பாலும் இருமுறை கிளிக் செய்து பயந்துபோனவராகத்தான் இருப்பார்.

ஒரு தாளின் அகலங்களை இன்னொரு தாளுக்கு அப்படியே கொண்டுபோக வழி உண்டா?

உண்டு. மூல நெடுவரிசைகளை எழுத்துப் பட்டையில் தேர்ந்தெடுத்து நகலெடுங்கள். போக வேண்டிய தாளில் முதல் நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, “பேஸ்ட் ஸ்பெஷல்” பட்டியலில் “காலம் விட்த் ஒன்லி” கொடுங்கள். உள்ளே இருக்கும் தரவைத் தொடாமல் அகலம் மட்டும் வந்து சேரும். வரிசை உயரத்துக்கு இப்படி ஒரு கட்டளை இல்லை.

புதிதாக ஒரு தாளைத் தொடங்குவதாக இருந்தால், பழைய தாளையே முழுதாகப் படியெடுத்து உள்ளடக்கத்தை அழிப்பது இதைவிட வேகம். வேறொரு கோப்பிலிருந்து “இம்போர்ட்ரேஞ்ச்” சார்பால் தரவை இழுப்பவர்கள் அகலமும் வரும் என்று காத்திருக்கிறார்கள். வராது, மதிப்புகள் மட்டுமே வரும். காற்புள்ளியால் பிரித்த கோப்பாகச் சேமித்தாலும் அகலம் போய்விடும். அது வெறும் எழுத்துக் கோப்பு, அகலத்தை எழுதி வைக்க அதில் இடமே கிடையாது.

எக்செல்லில் 8.43 என்கிறது, ஷீட்ஸில் 100 என்கிறது. எந்தக் கணக்கு சரி?

இரண்டும் சரி, அலகுதான் வேறு. எக்செல் நெடுவரிசையை எழுத்துகளால் அளக்கிறது: இயல்பு எழுத்துருவில் எத்தனை பூஜ்யங்கள் பக்கம் பக்கமாக அடங்கும் என்பதே அந்த எண். கேலிப்ரி எழுத்துரு, 11 அளவு என்றால் 8.43 என்பது 64 பிக்சல். உயரத்தை மட்டும் புள்ளிக் கணக்கில் வைக்கிறது, ஓர் அங்குலத்தில் 72 புள்ளிகள். அங்கே வழக்கமான 15 புள்ளி உயரம் என்பது 20 பிக்சல். எக்செல்லில் அகலத்துக்கு உச்ச வரம்பு 255 எழுத்துகள், உயரத்துக்கு 409 புள்ளிகள். ஷீட்ஸின் 100 என்ற எண்ணை அப்படியே எக்செல் பெட்டியில் தட்டியவர் ஒருவர், தாள் முழுவதும் ஒரே நெடுவரிசையாகிவிட்டது என்று பதறினார். நூறு பூஜ்யங்களுக்கு இடம் கேட்டால் அப்படித்தான் ஆகும்.

கட்டத்துக்குள் படம் வைத்தேன். பொட்டு அளவுக்குத் தெரிகிறது.

படத்துக்காகக் கட்டம் வளராது, கட்டத்துக்குள் படம்தான் சுருங்கும். வரிசைக்கு 100 அல்லது 120 பிக்சல் உயரம் நீங்களே கொடுக்க வேண்டும். “இமேஜ்” சார்பில் உண்மை அளவு, நாம் சொல்லும் அளவு என்ற வாய்ப்புகள் உண்டு. அவையும் கட்டத்தைப் பெரிதாக்காது, அடங்காத பகுதி வெட்டுப்படும்.

கைபேசியில் தாளை நகர்த்தவே முடியவில்லை.

முதல் சில நெடுவரிசைகளை யாரோ உறையவைத்து (தாளை நகர்த்தினாலும் நகராமல் நிற்கும்படி செய்து), அவற்றை அகலமாகவும் வைத்திருக்கிறார்கள். உறைந்த பகுதியே சிறு திரையை அடைத்துக்கொண்டால் மீதிக்கு இடமேது? உறையவைத்ததை நீக்குங்கள், அல்லது அந்த நெடுவரிசைகளைக் குறுக்குங்கள். செயலியில் நெடுவரிசையின் எழுத்தை ஒரு முறை தொட்டுத் தேர்ந்தெடுத்து, அதன் ஓரத்தைப் பிடித்து இழுக்கலாம். விரல் நுனியில் துல்லியம் வராது. நுணுக்கமான வேலையைக் கணினிக்கு ஒத்திவைப்பதே மேல்.

அச்சிட்டால் கடைசி நெடுவரிசை மட்டும் தனிப் பக்கத்தில் விழுகிறது.

அதற்காக எல்லா நெடுவரிசைகளையும் பிழிய வேண்டாம். அச்சுத் திரையில் “ஸ்கேல்” என்பதில் “ஃபிட் டு விட்த்” கொடுத்தால் அகலம் முழுவதும் ஒரே பக்கத்துக்குள் சுருங்கும். எழுத்து படிக்க முடியாத அளவுக்குப் பொடியானால் தாளைக் கிடைமட்டமாகத் திருப்புங்கள். அப்போதும் பொடி என்றால், அச்சில் தேவையில்லாத நெடுவரிசைகளை மறைத்துவிட்டு அச்சிடுங்கள்.

மவுஸ் இல்லாமல் செய்ய முடியுமா?

நெடுவரிசையைத் தேர்ந்தெடுக்கக் கண்ட்ரோலுடன் இடைவெளி விசை, வரிசைக்கு ஷிஃப்டுடன் இடைவெளி விசை. பிறகு ஷிஃப்ட், எஃப்10 அழுத்தினால் வலது கிளிக் பட்டியல் திறக்கும். அம்பு விசையால் இறங்கி அளவு மாற்றும் கட்டளைக்குப் போகலாம்.

உள்ளடக்கம் மாறும்போது அகலமும் தானாக மாற ஒரு சூத்திரம் கொடுங்களேன்.

சூத்திரம் ஒரு கட்டத்துக்குள் விடையைத் தரும், தாளின் உருவத்தை மாற்றாது. நிபந்தனை வடிவமைப்பு நிறத்தையும் தடிமனையும் மாற்றும், அகலத்தையும் உயரத்தையும் தொடாது. “செல்” என்ற பெயரிலேயே ஒரு சார்பு இருக்கிறது, அது நெடுவரிசையின் அகலத்தைப் படித்துச் சொல்லும். சொல்வதோடு சரி. அகலத்தை இழுத்து மாற்றினால்கூட எக்செல்லில் அந்த விடை உடனே புதுப்பிக்கப்படாது, அடுத்த கணக்கீடு வரை பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும்.

தானாக நடக்க வேண்டும் என்றால் நிரல்தான் வழி. நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கு ஷீட்ஸில் மேக்ரோ பதிவு இருக்கிறது: “எக்ஸ்டென்ஷன்ஸ்” பட்டியலில் “மேக்ரோஸ்” போய்ப் பதிவைத் தொடங்கி, ஒரு முறை எல்லா அகலங்களையும் சரியாக வைத்து, பதிவை நிறுத்திச் சேமியுங்கள். அதற்கு ஒரு விசைக் குறுக்குவழியும் கொடுக்கலாம். யார் கலைத்தாலும் விசையை அழுத்தினால் தாள் பழைய உருவத்துக்கு வந்துவிடும். ஷீட்ஸுக்கு நிரல் எழுதும் இடமான ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டில் நேரடியாக எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வரிசை உயரத்தை அமைக்கும் வழக்கமான கட்டளை, உள்ளடக்கத்தைவிடக் குறைவான உயரத்தைக் கேட்டால் இணங்காது. கட்டாயமாக அந்த உயரத்தில் நிறுத்துவதற்கென்று தனிக் கட்டளை இருக்கிறது, அதைப் பயன்படுத்த வேண்டும்.